கப்பலேறி வாங்கிய பட்டம்

1904 முதல் 1907 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போனார்கள். அவர்களில் பலர் பள்ளி ஆசிரியைகள், தலைமையாசிரியைகள். டப்ளினில் அவர்கள் ஒரு வகுப்பிலும் உட்காரவில்லை, ஒரு தேர்வும் எழுதவில்லை. டிரினிட்டி கல்லூரிக்குப் போய், கட்டணம் கட்டி, அங்கி அணிந்து, பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்து சென்று பட்டம் வாங்கினார்கள். பிறகு மறுபடி கப்பலேறி ஊர் திரும்பினார்கள். 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்' என்று வரலாற்றில் அவர்களுக்குப் பெயர்.

அவர்கள் படித்தது உலகமே அண்ணாந்து பார்த்த ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும். பாடங்களைப் படித்து முடித்திருந்தார்கள், தேர்வுகளில் தேறியிருந்தார்கள். அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் அவர்களுக்குத் தராத ஒன்று பட்டம். அதற்காகத்தான் கடல் கடந்தார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் பெரியது என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. தரவரிசைப் பட்டியல் வந்ததும் செய்தித்தாள்கள் முதல் பத்து இடங்களை அச்சிடுகின்றன. பட்டியலில் இருக்கும் பெயர்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் பெரியவை என்ற நினைப்பு நமக்குள் ஊறிக் கிடக்கிறது. பெண்கள் பட்டம் வாங்கிய வரலாறு வேறு கதை சொல்கிறது. ஒரே பல்கலைக்கழகம் ஓர் ஊரில் கோபுரமாகத் தெரிகிறது, இன்னோர் ஊரில் பூட்டிய கதவாகத் தெரிகிறது. யார், எங்கே நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

முதலில் கேம்பிரிட்ஜ். பெண்களுக்கான கிர்ட்டன் கல்லூரி 1869இல் தொடங்கியது, நியூனம் 1871இல். 1881 முதல் பெண்கள் அங்கே ஆண்கள் எழுதும் அதே இறுதித் தேர்வுகளை எழுத அனுமதிக்கப்பட்டார்கள். எழுதினார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். 1887இல் கிரேக்க, லத்தீன் இலக்கியத் தேர்வில் முதல் வகுப்பின் உச்சப் பிரிவில் இடம்பெற்ற ஒரே நபர் கிர்ட்டன் மாணவி அக்னாட்டா ராம்சே. 1890இல் கணிதத் தேர்வில் ஆண்களில் முதலிடம் பெற்றவரைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார் நியூனம் மாணவி பிலிப்பா ஃபாசெட். முதலிடம் பெற்றவருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. அது ஆணுக்குத்தான் என்பதால் பிலிப்பாவை 'முதலிடத்துக்கும் மேலே' என்று அறிவித்தார்கள். முதலிடத்துக்கு மேலே இருந்தவருக்குப் பட்டம் கிடையாது.

ஏன்? கேம்பிரிட்ஜில் பட்டம் என்பது வெறும் சான்றிதழ் கிடையாது. எம்.ஏ. பட்டம் பெற்றவர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்ற உறுப்பினர். அதன் விதிகளைத் தீர்மானிக்கும் வாக்கு அன்று அவருக்கு இருந்தது. பெண்ணுக்குப் பட்டம் கொடுத்தால் அவளுக்கு அதிகாரத்திலும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். 1897 மே மாதம் இந்தக் கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது நாடு முழுவதிலிருந்தும் பழைய மாணவர்கள் ரயிலேறி வந்தார்கள். ஆதரவாக எழுநூறுக்கும் குறைவான வாக்குகள், எதிராக ஆயிரத்து எழுநூறுக்கும் அதிகம். மிதிவண்டியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் கொடும்பாவியைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள் இளைஞர்கள். 1921இல் மீண்டும் ஒரு தோல்வி. அன்று மாணவர் கூட்டம் ஒன்று தள்ளுவண்டியால் நியூனம் கல்லூரியின் வாயிற்கதவை இடித்துச் சேதப்படுத்தியது. அந்த ஆண்டு பெண்களுக்குக் கிடைத்தது பட்டத்தின் பெயர் மட்டும். அதற்குரிய உறுப்பினர் உரிமை கிடைக்கவில்லை. ஆக்ஸ்போர்டு 1920இல் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது. கேம்பிரிட்ஜ் 1948இல்தான் கொடுத்தது.

இந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்து வேலை தேடிய ஒரு பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். பெண்கள் பள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கே ஆசிரியை வேலைக்குப் பெயருக்குப் பின்னால் பி.ஏ., எம்.ஏ. என்ற எழுத்துகள் தேவைப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தில் தேறியவருக்கு அந்த எழுத்துகள் இருந்தன. கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறியவருக்கு இல்லை. அவளுடைய அண்ணன் தம்பிகளுக்குச் சோறு போட்ட பெயர் அவளுக்குச் செல்லாக்காசாக இருந்தது.

டப்ளின் வழி திறந்தது ஒரு பழைய ஏற்பாட்டால். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் டிரினிட்டி ஆகிய மூன்றும் ஒன்றின் பட்டத்தை மற்றொன்று ஏற்று, அதே நிலைப் பட்டத்தைத் தாங்களும் வழங்குவது நெடுங்கால வழக்கம். 1904இல் டிரினிட்டி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் இந்த வழக்கம் பெண்களுக்கும் பொருந்தியது. 'ஆணாக இருந்திருந்தால் உனக்கு அங்கே பட்டம் கிடைத்திருக்கும் அல்லவா, அப்படியானால் இங்கே வாங்கிக்கொள்' என்பதே இதன் பொருள். பிற்காலத்தில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான எலியனோர் ராத்போன், மரபியல் ஆய்வில் பெயர்பெற்ற ஜூலியா பெல் இருவரும் இப்படிப் பட்டம் பெற்றவர்கள். இந்தப் பெண்கள் கட்டிய கட்டணம் டிரினிட்டியில் பெண்களுக்கான விடுதி அமைக்க உதவியது. 1907இல் கல்லூரி இந்த வழியை மூடிவிட்டது.

இங்கிலாந்துப் பெண்களுக்கு வரமாக வந்த அதே டிரினிட்டி, அயர்லாந்துக்குள் எப்படித் தெரிந்தது? அது புராட்டஸ்டண்ட் ஆட்சியாளர்களின் கோட்டை. மக்களில் பெரும்பான்மையான கத்தோலிக்கர்களை அங்கே படிக்க வேண்டாம் என்று அவர்களுடைய ஆயர்களே தடுத்தார்கள். அந்தத் தடை 1970 வரை நீடித்தது. ஒரு கத்தோலிக்க விவசாயியின் மகளுக்கு டிரினிட்டியின் பழம்பெருமையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அயர்லாந்துப் பெண்களுக்கு முதலில் பட்டம் கொடுத்தது ராயல் பல்கலைக்கழகம். அதற்குச் சொந்தமாக வகுப்பறைகள் கிடையாது. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும்தான் அதன் வேலை. 1884இல், டிரினிட்டி கதவைத் திறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பது பெண்கள் அங்கே பட்டதாரிகள் ஆனார்கள்.

தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகம் என்ற இந்த மாதிரி லண்டனிலிருந்து வந்தது. 1836இல் அமைந்த லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் எந்தக் கல்லூரியிலும் சேராமலேயே தேர்வெழுத வழி செய்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கனவான்களுக்கு இது இளக்காரம். அவர்கள் பார்வையில் பல்கலைக்கழகம் என்றால் ஆற்றங்கரை, தேவாலயம், ஒன்றாக உண்ணும் கூடம், அங்கே உருவாகும் நட்பு. வெறும் தேர்வுத்தாள் எப்படிப் பல்கலைக்கழகம் ஆகும்? கூடத்தில் உட்கார இடமில்லாத பெண்ணுக்கோ அந்தத் தேர்வுத்தாள்தான் எல்லாம். விடைத்தாளுக்குத் தாடியும் இல்லை, தாலியும் இல்லை. 1878இல் லண்டன் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்தது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுதான்.

கடல் தாண்டினால் இதே லண்டனின் அந்தஸ்து தலைகீழாக மாறுகிறது. இலங்கையில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, மாணவர்களை லண்டன் வெளிவாரிப் பட்டத் தேர்வுக்கே தயார் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை அங்கே ஒருவரின் படிப்பை அளக்கும் கோல் லண்டன் பட்டம். ஆக்ஸ்போர்டுக்காரர் ஒதுக்கிப் பார்த்த அதே எழுத்துகளை இலங்கையின் படித்த குடும்பங்கள் பெருமையோடு பெயருக்குப் பின்னால் எழுதின.

இந்தியாவின் கதையும் லண்டனோடு பின்னியது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் மாதிரியில் அமைந்தன. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்துவது, பட்டம் வழங்குவது, அவ்வளவுதான் அவற்றின் அன்றைய வேலை. 1878இல், லண்டன் திறந்த அதே ஆண்டில், கல்கத்தாவும் பெண்களுக்குத் தேர்வுகளைத் திறந்தது. 1883இல் காதம்பினி பாசு, சந்திரமுகி பாசு இருவரும் பட்டம் பெற்றார்கள். ஆக்ஸ்போர்டுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்னால், கேம்பிரிட்ஜுக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் முன்னால்.

இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, நாம்தான் முன்னோடி' என்று சொல்ல ஆசை வரும். கொஞ்சம் நிதானிப்போம். கதவு திறந்ததற்குக் காரணங்கள் உண்டு, உள்ளே போனவர்கள் யார் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். எடின்பரோவில் 1869இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த பெண்களை எதிர்த்து 1870இல் மாணவர்கள் கலவரம் செய்தார்கள். அந்தப் பெண்களைச் சேர்த்ததே செல்லாது என்று 1873இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண். சென்னையில் தகுதி பெற்று, லண்டன் சென்று 1882இல் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பி, இங்கே பெண்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் மருத்துவமனை அது.

எடின்பரோ மூடிய கதவைச் சென்னை திறந்தது பெருந்தன்மையால் மட்டும் நடந்த காரியம் கிடையாது. கோஷா முறையில் இருந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் வர மாட்டார்கள்; அவர்களுக்குப் பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். காலனியில் பெண் மருத்துவர் இன்னோர் ஆண் மருத்துவரின் பிழைப்பைப் பறிக்கவில்லை, அவர் நுழைய முடியாத வீட்டுக்குள் போனாள். அதனால் எதிர்ப்பு குறைவு. முதலில் சேர்ந்தவர்களும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கல்கத்தாவின் காதம்பினி பிரம்ம சமாஜக் குடும்பத்துப் பெண், சந்திரமுகி கிறிஸ்தவப் பெண். பட்டம் திறந்தது, சாதியும் வறுமையும் வழிமறித்த வீடுகளிலிருந்து அந்த வாசல்வரை வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இங்கே வாங்கிய பட்டத்துக்குப் பிரிட்டனில் என்ன மதிப்பு என்பது அடுத்த கேள்வி. காதம்பினி கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். இருந்தும் மதிப்போடு தொழில் செய்ய அது போதவில்லை. குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கடல் கடந்து, 1893இல் ஸ்காட்லாந்தின் மூன்று மருத்துவத் தகுதிகளைப் பெற்றுத் திரும்பினார். அவருடைய கைத்திறன் கப்பலில் போகும்போதும் திரும்பும்போதும் ஒன்றேதான். பெயருக்குப் பின்னால் வந்து சேர்ந்த எழுத்துகளே ஊர் பார்த்த வித்தியாசம்.

கொர்னீலியா சொராப்ஜியின் கதை இதைவிடக் கூர்மையானது. பூனா டெக்கான் கல்லூரியில் படித்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வில் முன்னணியில் தேறினார். அந்தத் தேர்ச்சிக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை உண்டு. பெண் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்த நலம்விரும்பிகள் திரட்டிய பணத்தில் 1889இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரிக்குப் போனார். 1892இல் தனி அனுமதி பெற்று குடிமைச் சட்டத் தேர்வை எழுதினார். அதை எழுதிய முதல் பெண் அவர். தேறினார். பட்டம் கிடைத்தது 1922இல். முப்பது வருடம்! நடுவில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எல்எல்.பி. முடித்தார். ஆக்ஸ்போர்டு தர மறுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் பம்பாய் சட்டப் பட்டம் கொடுத்தது. ஆனால் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரும் சேர்ந்துகூட அவருக்கு நீதிமன்றத்தில் இடம் வாங்கித் தரவில்லை. இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞர்களாகத் தொழில் செய்யச் சட்டம் வழிவிட்டது 1923இல். பல்கலைக்கழகத்தின் அந்தஸ்து அதன் வாசலோடு முடிகிறது. அதற்கு வெளியே நீதிமன்றமும் அலுவலகமும் குடும்பமும் வைத்திருக்கும் பூட்டுகளுக்கு வேறு சாவி வேண்டும்.

ஐரோப்பாவின் மறுபக்கத்திலும் இதே நிலைதான். 1867இல் நதேழ்தா சுஸ்லோவா என்ற ரஷ்யப் பெண் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ரஷ்யப் பெண்கள் சாரிசாரியாக அங்கே போனார்கள். 1833இல்தான் தோன்றிய சூரிக் அன்று பெர்லினுக்கு முன்னால் இளையது. ரஷ்யப் பெண்களின் வரைபடத்தில் அதுதான் தலைநகரம். ஜார் அரசுக்கோ அது கலகக்காரிகளின் கூடாரம். 1873இல், சூரிக்கிலிருந்து வெளியேறாதவர்களுக்கு ரஷ்யாவில் தேர்வும் வேலையும் கிடைக்காது என்று அரசு ஆணையிட்டது. அந்தப் பெண்களின் ஒழுக்கத்தையும் அந்த ஆணை சந்தேகித்தது. வெளியூர் போய்ப் படிக்கும் பெண்ணை அடக்க எடுக்கப்படும் அந்த ஆயுதம் நமக்கும் பழக்கமானதுதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டின் கதை கேம்பிரிட்ஜின் கதைக்கு இரட்டைப் பிள்ளை. மேரி விட்டன் கால்கின்ஸ் உளவியலில் ஹார்வர்டு கேட்ட எல்லாவற்றையும் 1895இல் முடித்தார். பெண் என்பதால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னர் பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் தருகிறோம் என்றார்கள். ஹார்வர்டில் செய்த வேலைக்கு வேறு பெயர் எதற்கு என்று அவர் ஏற்க மறுத்தார். சிசிலியா பெய்ன் என்ற வானியலாளர் இரண்டு ஊரின் அநீதியையும் பார்த்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தும் முழுப் பட்டம் இல்லாமல் 1923இல் அமெரிக்கா போனார். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று காட்டிய ஆய்வை ஹார்வர்டு வானியல் ஆய்வகத்தில் செய்தார். 1925இல் அதற்கான டாக்டர் பட்டம் ராட்கிளிஃப் பெயரில் வந்தது. ராட்கிளிஃப் மாணவிகளுக்கு ஹார்வர்டு தன் பெயரிலேயே பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1963இல்.

அதே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870இலேயே பெண்களைச் சேர்த்தது. 1917இல் லீவை பார்பர் என்பவர் ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிக்க உதவித்தொகை நிறுவினார். அதைப் பெற்றுப் போனவர்களில் ஒருவர் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜானகி அம்மாள். 1931இல் தாவரவியலில் டாக்டர் பட்டத்தோடு மிச்சிகனை விட்டு வந்தார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் அவர் செய்த ஆய்வுகள் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றவை. பிரிட்டிஷ் இந்தியாவில் மேலே போகும் ஏணி லண்டனில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு 1922 வரை லண்டனில் மட்டுமே நடந்தது. அந்த ஏணியில் மிச்சிகன் ஒரு படியே கிடையாது. ஆனால் அந்த ஏணி ஆண்களுக்காகச் செய்யப்பட்டது. ஜானகி அம்மாளுக்கு வழி விட்டது மிச்சிகன்.

இன்னும் நம் பக்கத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேரக் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பதோடு, அவருடைய தாயின் தேவதாசிப் பின்னணியும் பேசப்பட்டது. மன்னர் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் முத்துலட்சுமி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், பின்னாளில் சட்டமன்றத்துக்குள் போய் தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். உலகத் தரவரிசை எதிலும் புதுக்கோட்டைக் கல்லூரியின் பெயர் இருக்காது. முத்துலட்சுமியின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கல்லூரி எது?

இப்போது இன்றைய பட்டியல்களுக்கு வருவோம். 2003 முதல் வெளியாகும் ஷாங்காய் தரவரிசையில், பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசுகளுக்கு மதிப்பெண் உண்டு. பழைய மாணவர் என்றால் அங்கே பட்டம் பெற்றவர் என்று பொருள். யாருக்கு ஆய்வகத்தில் மேசை கிடைத்தது, யாருக்குப் பட்டம் கிடைத்தது என்று எண்கள் கேட்பதில்லை. 1964இல் வேதியியல் நோபல் பெற்ற டாரதி ஹாட்ஜ்கின் 1937இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1948க்கு முந்தையது என்பதால் அதுவும் உறுப்பினர் உரிமை இல்லாத, பெயரளவிலான பட்டம்தான். வாக்குரிமை தராத பல்கலைக்கழகம் இன்று அவரைத் தன் பெருமைக்குரியவர்கள் வரிசையில் வைத்திருக்கிறது. பழம்பெருமை என்று நாம் சொல்வதில், பெண்களை வெளியே நிறுத்திச் சேர்த்த பெருமையும் கலந்திருக்கிறது.

நம் நாட்டின் புகழ்பெற்ற பெயர்களும் விலக்கல்ல. ஐ.ஐ.டி.க்களில் மாணவிகள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால், 2018இல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பும் அவை 'நாட்டின் தலைசிறந்தவை' என்றே அழைக்கப்பட்டன. யாருக்குத் தலைசிறந்தவை என்று கேட்டவர்கள் குறைவு. வீடுகளிலும் இரண்டு தராசுகள் உண்டு. மகனுக்குக் கல்லூரி தேடும்போது பெயரும் வேலைவாய்ப்பும் பேசப்படும். மகளுக்குத் தேடும்போது தூரம், விடுதி, பேருந்து, 'ஊர் என்ன சொல்லும்' ஆகியவை பேசப்படும். அவள் எடுத்த மதிப்பெண் இரண்டாம் தராசில் ஏறுவதே இல்லை.

பெரிய பெயர்களைப் பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்கள் டப்ளின் பட்டத்தோடு திருப்தி அடைந்து நின்றுவிடவில்லை. 1948 வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டப்ளின் அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக்கான வழி, கேம்பிரிட்ஜ் அவர்களுக்குரிய பங்கு. இரண்டும் தேவைப்பட்டன. கூடவே, தன் ஊரின் சிறிய கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்கும் ஒரு மாணவி, தன் பட்டம் மட்டமானது என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டியதில்லை. அந்த மட்டத்தைத் தீர்மானித்த அளவுகோல் எங்கே, யாருக்காகச் செய்யப்பட்டது என்று அவள் திருப்பிக் கேட்கலாம்.

அடுத்த முறை தரவரிசைப் பட்டியல் கைக்கு வரும்போது, அதோடு இன்னொரு பட்டியலையும் சேர்த்து வாசிப்போம்: சூரிக் 1867, மிச்சிகன் 1870, சென்னை மருத்துவக் கல்லூரி 1875, லண்டனும் கல்கத்தாவும் 1878, டிரினிட்டி 1904, ஆக்ஸ்போர்டு 1920, கேம்பிரிட்ஜ் 1948, ஹார்வர்டு (ராட்கிளிஃப் மாணவிகளுக்கு) 1963. பெண்களுக்குக் கதவோ பட்டமோ கிடைத்த ஆண்டுகளின் வரிசை இது. முதல் பட்டியலில் உச்சியில் நிற்கும் பெயர்கள் இதில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.